வெள்ளிக் கிண்ணத்தில் எழுந்த பிள்ளை

உ
சிவமயம்

சரவணப் பொய்கையின் குளிர்ந்த நீரில், தாமரை இதழ்களின் நடுவே, குழந்தையாய் எழுந்தருளிய பெருமானே! மறைந்ததை வெளிப்படுத்துவதும் உன் திருவருள். வெளிப்பட்டதைத் தாங்க நெஞ்சுரம் தருவதும் உன் திருவருள். இம்முதியவன் எழுதப் புகும் இம்மடல் ஒரு சொல்லும் பொய்படாமல் முடிய நீயே முன்னின்று காப்பாயாக.

பாசல், 1999, ஆனி மாதம்

அன்பு மகனுக்கு,

ரெனானிலிருந்து நீ அனுப்பிய கல்யாண அழைப்பிதழின் மாதிரியும், அழைக்கவேண்டியவர்களின் பட்டியலும் சென்ற கிழமை வந்து சேர்ந்தன. அழைப்பிதழில் இரண்டு ஒற்றுப்பிழைகள் இருந்தன; சிவப்பு மையால் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். பட்டியலிலும் ஒரு பிழை உண்டு. அது சிவப்பு மைக்கு அடங்காது. பெயர்கள் அனைத்தையும் இரண்டு தரம் படித்தேன். உன் தாயின் தம்பி தவராசா மாமாவின் பெயர் அதில் இல்லை. மணநாள் காலையில் மாப்பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்து நீராட்டும் சடங்குக்கு நேரே, தாய்மாமன் என்று இருக்கவேண்டிய இடத்தில், உன் அக்காள் மலரின் கணவரைக் குறித்திருக்கிறாய். ஏன் என்று உன்னைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. அந்தப் பெயர் விடுபட்டதற்குக் காரணன் நான். நான்கு ஆண்டுகளாக நீ அறியாத அந்தக் காரணத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சித்திரை விடுமுறைக்கு நீ இங்கு வந்திருந்தபோது, மலரின் மகள் உன் மடியில் ஏறி இருந்துகொண்டு, தன் பெயர் ஹான்ஸ்லி என்றாள். நினைவிருக்கிறதா? "அது ஆம்பிளைப் பேரெல்லோ, ஆர் உமக்கு வைச்சது?" என்று நீ சிரித்துக் கேட்டாய். "பேர்ண் தாத்தா" என்றாள் பிள்ளை. அது தவராசா மாமா என்று விளங்கியதும் உன் சிரிப்பு நின்றது. பிள்ளையை மெல்ல இறக்கிவிட்டாய். மலர் என்னைப் பார்த்தாள். நான் கேத்தில் கொதிக்கிறது என்று சொல்லி எழுந்து போனேன். கேத்தில் கொதிக்கவில்லை. அந்தப் பெயரைப் பற்றிச் சொன்னால் ஒரு கிண்ணத்தைப் பற்றிச் சொல்லவேண்டிவரும். கிண்ணத்தைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றிச் சொல்லவேண்டிவரும்.

நீ இந்நாட்டுக்கு வருவதற்கு முன்பே, இந்நகரின் மேட்டுத் தெருவொன்றில் ஒரு முதிய சீமாட்டியின் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் துப்புரவு வேலைக்குப் போய்வந்தேன். அவரைத் தெருவார் 'பிரௌ டொக்டர்', அதாவது டொக்டர் அம்மா, என்றே அழைப்பர். வைத்தியராயிருந்தவர் அவருடைய கணவர். அவர் இறந்து பல ஆண்டாகியும் பட்டம் அம்மையாரிடம் தங்கிவிட்டது. அவருடைய தாய் ஒல்லாந்திலிருந்து மணமுடித்து வந்தவர். அந்தத் தாய் கொண்டுவந்த சீதனங்களுள் ஒன்று, கண்ணாடிப் பேழையில் தனியே இருந்த வெள்ளிக் கிண்ணம். முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்டது என்றார். ஒரு சாண் அகலம், குட்டையான பாதம், இருபுறமும் சுருண்ட இரண்டு காதுகள். நடுவில் மட்டும், நம் கோயில் விமானத்தைச் சிறுவிரல் அளவுக்குச் சுருக்கினாற்போல் ஒரு குமிழ்மாடம். அதன் உச்சியில் நகக்கண் அளவு மூடி. குங்குமச் சிமிழாக்கும் என்று எனக்குள்ளே பொருள் செய்துகொண்டேன். எவரையும் கேட்கவில்லை.

கேளாமற் பொருள் செய்வது என் பழைய நோய். முப்பது ஆண்டுகள் நம் கோயிலில் புராண படனத்துக்குப் பயன் சொன்னவன் நான். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, அதன் பொருளைச் சபைக்கு விரித்துரைக்கும் அந்த ஆசனத்தில் நான் இருந்தால், ஊரில் ஒருவரும் எழுந்து மறுத்ததில்லை. ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் உண்டென்றால் இடமறிந்து ஒன்றைத் தேர்வேன். தேர்ந்தது பிழைக்காது என்ற செருக்கும் எனக்கு உண்டு. உடுத்த உடையோடு வந்தேன் என்று நான் அடிக்கடி சொல்வதுண்டு. உண்மையில் அந்தச் செருக்கையும் சுமந்தே வந்தேன்.

முதல் மாதத்திலேயே ஒன்று நடந்தது. அம்மையார் வெளியே போயிருந்த வேளையில், நம் குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் பழப்புளியும் சாம்பலும் இட்டு அந்தக் கிண்ணத்தைத் துலக்கினேன். கவிழ்த்துத் துடைத்தபோது அடியில், பாம்பு ஊர்ந்த தடம்போல நெளிந்து செல்லும் ஒரு கீறல் கண்டேன். என் கை செய்த பழுதுதான் என்று முடிவுசெய்தேன். அவர் வந்து மேலங்கியைக் கழற்றுமுன்னரே, நானே பழுதாக்கிவிட்டேன், என்னை வேலையிலிருந்து நிறுத்துங்கள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை டொச்சு மொழியில் சொல்லிவிட்டேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டுவந்து என்னை அருகே இருத்தினார். அந்தக் கீறல் முந்நூறு ஆண்டுப் பழமையானதாம். வெள்ளி தூயதோ கலப்போ என்று பார்க்க, சோதிப்பவர் அடியில் ஒரு பொடி சுரண்டி எடுத்த தழும்பாம். பழப்புளியை மட்டும் இனித் தொடவேண்டாம் என்றார்.

தழும்பின் பக்கத்தில் மூன்று சிறு முத்திரைகளையும் காட்டினார். ஒன்று ஊரின் அடையாளம். ஒன்று ஆண்டைக் குறிக்கும் எழுத்து. மூன்றாவது, கிண்ணத்தைச் செய்த தட்டாருடைய சொந்த முத்திரை. சிறு கேடயத்துக்குள் மூன்று இலை. நான் வில்வம் என்று சொல்லிக் கைகூப்ப, அவர் விளங்காமலே தலையசைத்தார். அந்தத் தட்டாரின் பெயர் எவருக்கும் தெரியாது. அவ்வூர்த் தட்டார் சங்கத்தில் முத்திரைகளையும் பெயர்களையும் சேர்த்துப் பதிந்துவைத்த தகடு தொலைந்துபோக, முத்திரை பெயரில்லாமல் தனித்துப்போயிற்று. பெருமைக்காகவா அதை இட்டான் என்று கேட்டேன். அம்மையார் சொன்ன மறுமொழியைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: வெள்ளியில் குறை கண்டவர்கள் எந்த வீட்டுக் கதவைத் தட்டவேண்டும் என்று தெரிவதற்காக இட்டான். அந்தச் சொல்லை நான் மிகவும் மெச்சினேன். மெச்சியதோடு நின்றுவிட்டேன்.

அடுத்த ஆண்டு நீ வந்தாய். உன் அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டது; நாட்டை விட்டுப் போகும்படி கடிதம் வந்தது. இரண்டு அறை வீட்டில் மலரும் மருமகனும் நானும். ஆள்கூடினால் வீட்டுக் காவலர் படியேறி வந்து எண்ணிப் பார்ப்பார் என்ற அச்சம். இந்நாட்டு மாடிவீடுகளின் அடியில், ஒவ்வொரு குடிக்கும் ஒவ்வொரு மரச்சட்ட அடைப்பாக, கிழங்கும் ஆப்பிளும் பழைய சைக்கிளும் போட்டுவைக்கும் நிலவறை உண்டே, இவர்கள் 'கெல்லர்' என்பது, அங்கேதான் உன்னைப் படுக்கவைத்தோம். உனக்கு நான் அதை விவரிக்கத் தேவையில்லை. இரண்டு நிமிடத்தில் தானே அணைந்துபோகும் நடைவிளக்கை நீ எத்தனை முறை எழுந்து போட்டாயோ, அதை நீதான் அறிவாய்.

மாமா அதை முதலிலிருந்தே ஒப்பவில்லை. பேர்ணில் வைத்தியசாலைக் குசினியில் சமையல் வேலை முடித்து, ஞாயிறு தோறும் றெயினில் வந்து சண்டை பிடிப்பார். கடைசி ஞாயிறு, எல்லோரும் சோற்றுக்கு இருந்த இடத்தில், உன்னைப் பார்த்துச் சொன்னார்: "கெல்லருக்க கிடக்கிறதுக்கு நீ என்ன உருளைக்கிழங்கோ? முளைவிடப் போறாய். நானே பொலிசிட்டப் போய்ச் சொல்லிப்போட்டு ஒரு நல்ல லோயரையும் பிடிக்கப்போறன்." நீ சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து கீழே போனாய். உன் பின்னால் நானும் வரவில்லை, அவரும் வரவில்லை.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, மலரையும் கூட்டிக்கொண்டு பிரௌ டொக்டர் வீட்டுக்குப் போனேன். நான் நிலம் துடைக்க, அவள் துணி அழுத்தினாள். மெழுகு மணத்தில் இருமுறை குளியலறைக்கு ஓடினாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். வேலை முடிந்ததும் அம்மையார் எங்களை மேசையில் இருத்தினார். பேழையைத் திறந்து அந்தக் கிண்ணத்தை எடுத்து நடுவில் வைத்தார். நாங்கள் மது தொடுவதில்லை என்று தெரியுமாகையால் ஆப்பிள் சாற்றை மெல்ல ஊற்றினார். சாறு உயர உயர, நான் குங்குமச் சிமிழ் என்று எண்ணியிருந்த மாடத்தின் மூடி தானே திறந்தது. உள்ளிருந்து, நெல்மணியிற் சற்றுப் பெரிதான ஒரு வெள்ளிக் குழந்தை, இரு கைகளையும் உயர்த்தியபடி எழுந்தது. என் கண் நிறைந்தது. சரவணப் பொய்கையைப் பற்றி எத்தனையோ முறை பயன் சொன்னவன், நீரிலிருந்து குழந்தை எழுவதை அன்றுதான் பார்த்தேன்.

அந்த நெகிழ்ச்சியில் நான் இருக்கும்போது, அம்மையார் மலரை ஒரு கண்ணால் பார்த்து, என் பக்கம் திரும்பிப் புன்னகையோடு கேட்டார்: உங்கள் வீட்டில் 'ஹான்ஸ்லி இம் கெல்லர்' இருக்கிறதோ?

ஹான்ஸ் என்பது இவர்களுக்கு நம் கந்தன், முருகன் போல ஊருக்கு நூறு பேர் தாங்கும் பெயர். ஹான்ஸ்லி என்றால் சின்னப் பையன். இம் கெல்லர் என்றால் நிலவறைக்குள். மூன்று சொற்களும் எனக்குத் தெரியும். மலர் தலையைக் குனிந்தாள். அவளும் பயந்துவிட்டாள் என்று கண்டேன். என் வழக்கப்படி ஒருவரையும் கேளாமற் பொருள் செய்தேன். எழுந்து நின்று, ஆம், அவன் என் மகன், இருபத்தொரு வயது, கெட்டவன் அல்லன், தயவுசெய்து பொலிசுக்குச் சொல்லவேண்டாம் என்று சொல்லிக் கும்பிட்டேன்.

"அப்பா, என்ன கதைக்கிறியள்?" என்றாள் மலர், மெல்லிய குரலில். "அவ என்னையெல்லோ கேக்கிறா."

மகனே, அந்தக் கிண்ணம் எதற்காகச் செய்யப்பட்டதென்று அப்போதுதான் அறிந்தேன். ஒல்லாந்து வீடுகளில் ஒரு பெண் கருவுற்றால் அதை வாயால் அறிவிப்பதில்லையாம். விருந்து மேசையில் இந்தக் கிண்ணத்தை நிரப்புவார்கள். குழந்தை எழும். பார்த்தவர்கள் புரிந்துகொண்டு பிறக்கப்போகும் பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லிப் பருகுவார்கள். 'நிலவறையில் இருக்கும் ஹான்ஸ்' என்பது கருவிலிருக்கும் குழந்தைக்குப் பெயர். மலருக்கு அப்போது இரண்டு மாதம். மூன்று மாதம் நிறையும்வரை வெளியே சொல்லக்கூடாது என்ற நம் வழக்கத்தால் தகப்பனாகிய என்னிடமும் மறைத்திருந்தாள். அவள் ஓடிய ஓட்டத்தை வைத்தே கிழவி கண்டுபிடித்துவிட்டார். ஒரே வினாவுக்கு நான் விடை சொல்ல, மகளின் வயிற்றிலிருந்ததை நான் அறிந்தேன். என் நிலவறையில் இருந்ததை அவர் அறிந்தார்.

இனிச் சொல்வதே என் குற்றத்தின் பெரும்பகுதி. அறியாமல் வாய்விட்டது ஒரு பிழை. அதற்குப்பின் அறிந்தே செய்தது வேறு. அம்மையார் கிண்ணத்தை ஒருபுறம் நகர்த்தி வைத்தார். பிறகு, ஒருவனை நிலவறையில் வைத்துக் காப்பாற்ற முடியாது, தாமே தம் பெயரில் அதிகாரிகளுக்கு எழுதி, நல்ல வழக்கறிஞரையும் அமர்த்துவதாகச் சொல்லி, எழுதட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். நான் எழுதுங்கள் என்றேன். படியிறங்கிக் கீழே வந்து உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உன் வாழ்க்கைக்கும் நானே பயன் சொல்லிவிட்டேன். கேட்டால் நீ மறுப்பாய், வேறெங்காவது ஓடிவிடுவாய் என்று பயந்தேன் என்பது உண்மை; ஆனால் அது காரணமாகுமே தவிர நியாயமாகாது.

கடிதம் போய்ச் சில நாட்களில், விடிந்து பனி கொட்டிக்கொண்டிருந்த காலையில், அதிகாரிகள் இருவர் வந்து உன்னை அழைத்துப்போனார்கள். போர்வையை நான்காக மடித்து வைத்துவிட்டு வந்தாய். ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள், பூட்டிய அறை. அம்மையாரும் வழக்கறிஞரும் விடாமல் முயன்றதில், தற்காலிகமாகத் தங்கும் அட்டையோடு வெளியே வந்தாய். முடிவு நன்றாயிற்று என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள நான் முயன்றதுண்டு. ஆனால் வந்தபின் நீ ஒரு மாதம் வீட்டில் எந்தக் கதவையும் சாத்தவிடவில்லை. குளியலறைக் கதவைக்கூடத் திறந்தபடி விட்டு முகம் கழுவினாய். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு எந்தத் தேறுதலும் நிற்கவில்லை.

வந்த முதல்நாள் நீ சோற்றில் கைவைக்குமுன் சொன்னாய்: "மாமாதான். சொல்லுவன் எண்டவர், சொல்லிப்போட்டார்." மலர் வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் மூடிக்கொண்டாள். அந்தப் பார்வையைத்தான் நான்கு ஆண்டுகளாக என்னால் திரும்ப வாங்க முடியவில்லை. நான் செய்யாத ஒரு கீறலுக்காக அந்நியர் ஒருவரிடம் ஓடிப்போய்க் குற்றம் ஏற்றவன், நான் செய்ததற்கு என் சொந்தப் பிள்ளையின் முன் வாய்பொத்தி இருந்தேன்.

மறுநாள் பேர்ணுக்குப் போனேன். வைத்தியசாலைக் குசினியின் பின்வாசலில் மாமா றப்பர்ச் சப்பாத்தோடு நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். கிண்ணம் முதல் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். "பயன் சொல்லுறன் எண்டு வெளிக்கிட்டுப் பயத்தையெல்லோ சொல்லிப்போட்டியள், அத்தான்" என்றார். அன்றைக்கே உன்னிடம் உண்மையைச் சொல்லப்போவதாக நான் சொன்னபோது சிரிப்பை விட்டார். "வேண்டாம். அவன் என்னோட கோவிக்கட்டும். உங்களோட கோவிச்சானெண்டா அவனுக்கு இஞ்ச ஆர் இருக்கினம்? அக்காவும் இல்லை." உன் தாயைச் சொன்னார். சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே போனார். அவர் தந்ததை நான் வாங்கிக்கொண்டேன். மனதுக்குள் நன்றி சொன்னேனே ஒழிய, வேண்டாம் என்று மறுக்கவில்லை. அதற்குப்பின் ஞாயிறுகளில் அவர் வரவில்லை. நீ ரெனானுக்குப் போனபின்தான் வரத்தொடங்கினார். மலரின் பிள்ளைக்கு ஹான்ஸ்லி என்று பெயரிட்டு அவர் கூப்பிடும்போதெல்லாம் அவர் சிரிப்பார். நான் நிலத்தைப் பார்ப்பேன்.

இவ்வளவு காலம் இருந்த நான் இன்று ஏன் எழுதுகிறேன்? உன் பட்டியல் வந்த அன்றே மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. குரலில் ஒரு குறையும் இல்லை. "அதுக்கென்ன, அத்தான். கலியாணத்தண்டு நான் மண்டபத்துக் குசினிக்க நிக்கிறன். சோறு வடிக்க ஆள் வேணும்தானே. கதவிடுக்கால தாலி கட்டுறதைப் பாத்திட்டு அடுத்த றெயினில போயிடுவன்" என்றார்.

தொலைபேசியை வைத்தபின் நான் எழுந்திருக்கவில்லை. ஒருமுறை உன்னை நிலவறையில் ஒளித்தேன். இனி உன் கல்யாணத்தில் உன் தாயின் உடன்பிறப்பைக் குசினியில் ஒளிக்கப்போகிறேன், அதுவும் என் குற்றத்தை மூடுவதற்காக. இதற்கு மேலும் நான் வாய்பொத்தி இருந்தால், நான் நெற்றியில் இடும் நீறு வெறும் சாம்பல்.

பிரௌ டொக்டர் இந்த வைகாசியில் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். கிண்ணத்தை ஒல்லாந்திலுள்ள தம் தாய்வழி உறவினருக்கு அனுப்பினார். பெட்டியில் வைக்குமுன் கடைசித் தரம் நானே அதைத் துடைத்தேன். மூடியைத் தொட்டுப் பார்த்தபோது ஒன்று கண்டேன்: அதற்குக் கொளுவியோ பூட்டோ கிடையாது. பிள்ளையை மறைத்து வைத்த அந்தத் தட்டார், அது உள்ளிருந்தே தள்ளித் திறக்கும்படி செய்திருக்கிறார். எந்தத் தகப்பனும் வெளியிலிருந்து திறக்கத் தேவையில்லை. இதைச் செய்தவர் பிள்ளை பெற்றவராகத்தான் இருக்கவேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். அம்மையாரிடம் கேட்டு, மெல்லிய தாளொன்றை அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்த மூவிலை முத்திரையைப் படியெடுத்தேன். தெளிவாக விழவில்லை, ஆயினும் மூன்று இலைகளும் தெரியும். அதை இத்துடன் வரும் தனித் தாளில் ஒட்டியிருக்கிறேன். அதன் பக்கத்தில், முழுப்பெயரோடு என் கையொப்பம் இருக்கிறது. நடந்ததில் குறை கண்டால் நீ தட்டவேண்டிய கதவு பேர்ணில் இல்லை. பாசலில், இரண்டாம் மாடியில் இருக்கிறது.

நீ தொடங்கப்போகும் இல்லறத்துக்கு அறம்பொருள் கூறும் உரிமையை நான் இழந்துவிட்டேன். ஒன்று மட்டும், அறிவுரையாக அல்லாமல், அடிபட்டவன் சொல்லாக ஏற்றுக்கொள். உன் மனைவியின் மௌனத்துக்கும், நாளை உன் பிள்ளைகளின் மௌனத்துக்கும் நீயே பொருள் செய்துவிடாதே. கேள். இரண்டு தரம் கேள். அவர்களுக்காக ஒரு கடிதத்துக்கு ஆம் என்று சொல்லுமுன், எத்தனை படியானாலும் இறங்கிப் போய்க் கேள்.

என்மீது கோபம் வருமானால் வரட்டும். அது நான்கு ஆண்டு பிந்தி உரிய முகவரிக்கு வந்த கோபம். கல்யாணத்துக்கு என்னை வரவேண்டாம் என்றாலும் உன் சொல்லுக்குக் கட்டுப்படுவேன். வா என்றால் கடைசி வரிசையில் இருப்பேன். ஆனால் பாலறுகு உன் தலையில் விழும்போது முதலில் வைக்கும் கை தவராசா மாமாவின் கையாக இருக்கவேண்டும். அவரை அழைக்க உறை அனுப்பாதே. நீயே நேரில் போ. பிற்பகல் இரண்டு மணிக்கு வேலை இடைவேளை. குசினியின் பின்வாசலில் நிற்பார். உன்னைக் கண்டால் முதலில் ஏதாவது நக்கலாகச் சொல்வார். அதைப் பொறுத்துக்கொள்.

இம்மடலின் பிரதி ஒன்றை அவருக்கும், ஒன்றை மலருக்கும் இன்றே அனுப்புகிறேன். மலர் வாய் திறந்து உன்னோடு கதைக்கலாம் என்றும் எழுதியிருக்கிறேன்.

பொய்கையில் எழுந்த பெருமான் உன்னையும் உன் மனையாட்டியாக வரும் செல்வியையும் காப்பாராக. உங்கள் மேசையில் வெள்ளிக் கிண்ணம் இல்லாவிடினும், சொல்லவேண்டியவை தக்க காலத்தில் தாமே எழுந்து எல்லோர் முன்னும் நிற்பனவாக. உங்கள் வீட்டில் பிறக்கும் பிள்ளைகளும், வந்து தங்கும் விருந்தினரும், இம்மடலைக் கையிலேந்திப் படிக்கும் யாவரும், அவரவர் இல்லத்தாரும், ஒளிய ஓர் அறை தேடாமல் வாழ்வாராக. உங்கள் கதவுகள் உள்ளிருந்து திறப்பனவாக.

இங்ஙனம்,
உன் தந்தை